980 பிக்சல் பொய்

2007 ஜூன் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ஐபோனின் திரை மூன்றரை அங்குலம். குறுக்கே 320 பிக்சல், நெடுக்கே 480. ஆனால் அதிலிருந்த சஃபாரி பிரவுசர், எந்த இணையதளத்தைத் திறந்தாலும் தன் அகலம் 980 பிக்சல் என்றே கணக்குக் காட்டியது. அந்தப் பொய்யான அகலத்துக்குப் பக்கம் முழுவதையும் வரைந்துகொண்டு, பிறகு அதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கித் திரைக்குள் அடக்கியது.

பொய்க்குக் காரணம் இருந்தது. அன்றைய தளங்கள் கணினித் திரையை மட்டுமே மனத்தில் வைத்து, ஒரே அகலத்தில் இறுகக் கட்டப்பட்டிருந்தன. 320 என்ற உண்மையைச் சொல்லியிருந்தால் பத்திகள் நசுங்கியிருக்கும், படங்கள் விளிம்பைத் தாண்டி ஓடியிருக்கும். பொய் சொன்னதால் பக்கம் குலையாமல் வந்தது. ஆனால் 16 பிக்சல் எழுத்து 5 பிக்சலாகி, ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போனது. வாசிக்க வேண்டுமென்றால் இரண்டு முறை தட்டிப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். சிறிய திரையில் முழு இணையம் என்ற அந்த வித்தை அன்று கைதட்டல் வாங்கியது.

ஏதோ ஒரு காலத்துத் தற்காலிக ஏற்பாடு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. இன்றைய போன்களிலும் அது அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, போன் அதைக் கணினிப் பக்கம் என்றே எண்ணி அகலமாக வரைந்து சுருக்குகிறது. ‘கருவியின் உண்மையான அகலத்தையே எடுத்துக்கொள்’ என்று பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். வியூபோர்ட் என்று டெவலப்பர்கள் அழைக்கும் அந்த வரியைக் கொண்டுவந்ததும் ஆப்பிள்தான், பிறகு மற்ற பிரவுசர்களும் ஏற்றுக்கொண்டன. மொபைலுக்கான வடிவமைப்பில் முதல் பிழை அந்த வரியை விட்டுவிடுவது. எறும்பு ஊர்வதுபோல எழுத்துகள் தெரியும் தளம் எதையாவது இன்றும் நீங்கள் கண்டால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது பிழை, அந்த வரியை எழுதிவிட்டு அதிலேயே ஜூமைப் பூட்டி வைப்பது. தளம் ஓர் ஆப் போல அசையாமல் நிற்க வேண்டும் என்ற ஆசையில் செய்வது. நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவர்கள் இரு விரலால் விரித்துப் பார்க்கிறார்கள், பக்கம் அசைவதே இல்லை. இணைய அணுகல் நெறிகள் எழுத்தை இரு மடங்கு வரை பெரிதாக்க வழி இருக்க வேண்டும் என்கின்றன. 2016-இல் வந்த ஐஓஎஸ் 10 முதல் சஃபாரி இந்தப் பூட்டைக் கண்டுகொள்வதே இல்லை. வடிவமைப்பாளர் பூட்டியதை பிரவுசரே உடைத்துத் தர வேண்டிய நிலை.

இந்த இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்று: போன் என்பது சுருங்கிய கணினி என்ற எண்ணம். பின்னால் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வேரிலிருந்தே கிளைக்கின்றன.

இறுக்கியது யார்?

1991-இல் ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வு மையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் இணையப் பக்கத்தில் வெறும் எழுத்தும் இணைப்புகளும்தான். இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு என்று மட்டுமே அந்தப் பக்கம் சொன்னது. அகலம் எத்தனை என்ற பேச்சே இல்லை, அது வாசிப்பவரின் கருவி பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். இன்றும் அந்தப் பக்கத்தைக் கணினியில் திறந்து சாளரத்தைக் குறுக்கிப் பாருங்கள். வரிகள் தாமாகவே மடிந்துகொள்ளும். எந்தத் திரைக்கும் பொருந்துவது எச்டிஎம்எல்லின் பிறவிக் குணம்.

அச்சுப் பக்கம் வடிவமைத்துப் பழகிய கைகள் தொண்ணூறுகளின் நடுவில் இணையத்துக்கு வந்தபோது அந்தக் குணம் இடைஞ்சலாகத் தெரிந்தது. தாளில் எழுத்தும் படமும் வைத்த இடத்தில் நிற்கும், இங்கே நிற்கவில்லை. எனவே புள்ளிவிவரங்களைக் காட்டுவதற்காக இருந்த அட்டவணையை எடுத்துப் பக்கத்தையே கட்டங்களாகப் பிரித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படங்களை இடையிடையே முட்டாக வைத்தார்கள். ‘800×600 திரையில் பார்க்கச் சிறந்தது’ என்று தளத்தின் அடியில் அறிவிப்பு வைத்த காலம் அது. வாசகரின் திரை தளத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்று பொருள்.

இது தலைகீழ் என்று 2000-இலேயே எழுதினார் ஆஸ்திரேலியரான ஜான் ஆல்சாப். தாளில் கிடைக்கும் கட்டுப்பாட்டை இணையத்தில் தேடாதீர்கள், நெகிழ்வதுதான் அதன் பலம் என்பது அவர் வாதம். போன்கள் பெருகும்வரை பலரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2010 மே மாதம், ஈதன் மார்கோட் அதே வாதத்தைச் செய்முறையாக்கினார். அகலங்களை பிக்சலில் சொல்லாமல் விகிதத்தில் சொல்வது, படங்கள் தம் பெட்டிக்குள் சுருங்கும்படி விடுவது, திரையின் அகலத்தைப் பார்த்து அமைப்பை மாற்றும் ‘மீடியா க்வெரி’. இந்த மூன்றையும் சேர்த்து அவர் வைத்த பெயர் ரெஸ்பான்சிவ் வெப் டிசைன். இன்று இணைய டெவலப்பர் வேலைக்கான விளம்பரங்கள் பலவற்றில் இந்தச் சொல் இருக்கிறது.

சொல் பரவிய வேகத்தில் கருத்து பரவவில்லை. 320, 768, 1024 என்று மூன்று அகலங்களுக்கு மட்டும் வடிவமைத்துவிட்டு ‘ரெஸ்பான்சிவ்’ என்று பெயர் சூட்டுவது இன்றும் வழக்கம். அவை அன்றைய ஐபோனும், நிமிர்த்திய ஐபேடும், படுக்கவைத்த ஐபேடும். இன்று சந்தையில் 360, 393, 412, 430 என்று எத்தனையோ அகலங்கள் உள்ளன. மடித்து விரிக்கும் போன்கள் வேறு வந்துவிட்டன. கருவியின் பெயரைப் பார்த்து எல்லைகளை வகுப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கருவி பின்தங்கியே இருப்பார்கள். சாளரத்தைக் குறுகிய நிலையிலிருந்து மெல்ல அகலப்படுத்திக்கொண்டே போய், எந்த இடத்தில் வரி வாசிக்க முடியாத அளவுக்கு நீள்கிறதோ அங்கே அமைப்பை மாற்றுவது சரியான வழி. அந்த இடத்தை உள்ளடக்கம் தீர்மானிக்கும்.

இதே வகையில் இன்னொரு குறுக்கு வழி, கணினிக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு மொபைலில் இடம் போதாதவற்றை மறைத்துவிடுவது. இப்படி மறைத்த படம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெரும்பாலும் தரவிறங்கத்தான் செய்யும். பார்க்காத படத்துக்கு டேட்டா செலவு. தேடல் பக்கத்திலும் விளைவு உண்டு. கூகுள் 2016-இல் அறிவித்து 2023-இல் ஏறக்குறைய நிறைவு செய்த மாற்றத்தின்படி, அது இப்போது தளங்களின் மொபைல் வடிவத்தைத்தான் படித்து அட்டவணைப்படுத்துகிறது. மொபைலுக்குத் தராமல் கணினிக்கு மட்டும் வைத்திருக்கும் தகவல் கூகுளைப் பொறுத்தவரை இல்லாத தகவல். சிறிய திரையிலிருந்து தொடங்குங்கள் என்று 2009-இல் லூக் ரோப்லெவ்ஸ்கி சொன்ன ‘மொபைல் ஃபர்ஸ்ட்’ யோசனையின் பயன் இங்கே தெரியும். இடம் குறைவாக இருக்கும்போது எது முக்கியம் என்று முதலிலேயே முடிவெடுத்தாக வேண்டும்.

விரலின் கணக்கு

மவுஸின் முனை ஒரு பிக்சல். விரலின் நுனி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர், அதுவும் தான் தட்டப்போகும் பொத்தானைத் தானே மறைத்துக்கொள்ளும்.

1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விதியை வெளியிட்டார். ஓர் இலக்கைக் கை சென்று தொடும் நேரம், அந்த இலக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு அகலமாக இருக்கிறது என்ற இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. தொலைவிலிருக்கும் சிறிய இலக்கு நேரத்தைத் தின்னும். அல்லது குறி தவறும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானிகள் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கையாள்வதில் செய்த பிழைகளை ஆராய்ந்தவர் அவர். அவருடைய விதி இன்று தொடுதிரையில் அன்றாடம் நிரூபணமாகிறது.

2006-இல், ஐபோன் வருவதற்கு முந்தைய ஆண்டு, பார்ஹி, கார்ல்சன், பெடர்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒற்றைக் கையில் கருவியைப் பிடித்துக் கட்டைவிரலால் தட்டும்போது பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அளந்தார்கள். ஒருமுறை தட்டும் வேலைக்கு 9.2 மில்லிமீட்டர், தொடர்ந்து தட்டும் வேலைக்கு 9.6 மில்லிமீட்டர் என்று வந்தது. ஆப்பிளின் வழிகாட்டி 44×44 அலகு என்கிறது. முதல் ஐபோனில் அது சுமார் 7 மில்லிமீட்டர். கூகுள் 48 என்கிறது. 2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகல் நெறிகளின் 2.2 பதிப்பு 24-ஐக் குறைந்தபட்சமாக வைக்கிறது. இத்தனை பேர் இத்தனை எண்கள் சொன்ன பிறகும், 12 பிக்சல் உயர எழுத்தில், ஒன்றையொன்று ஒட்டியபடி அடுக்கிய இணைப்புகளைப் பல தளங்களின் அடிப்பகுதியில் பார்க்கலாம். திரையில் ஒவ்வொன்றின் உயரமும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். ‘தொடர்புக்கு’ என்பதைத் தட்டினால் ‘விதிமுறைகள்’ திறக்கும். எழுத்தைப் பெரிதாக்காமலேயே இதைச் சரிசெய்யலாம். இணைப்பைச் சுற்றித் தட்டக்கூடிய பரப்பை விரித்து, இடையில் கொஞ்சம் வெற்றிடம் விட்டால் போதும்.

பொத்தான் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2013-இல் ஸ்டீவன் ஹூபர், தெருவிலும் ரயிலிலும் பேருந்து நிறுத்தத்திலும் போன் பயன்படுத்தும் 1,333 பேரைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். அவர்களில் திரையைத் தொட்டுப் பயன்படுத்தியவர்களை மட்டும் எடுத்தால், 49 சதவீதம் பேர் ஒற்றைக் கையால் பயன்படுத்தினார்கள். 36 சதவீதம் பேர் ஒரு கையில் ஏந்தி மறு கையால் தட்டினார்கள். மேல் மூலைக்குக் கட்டைவிரல் எட்டாது. கணினித் தளங்களின் மரபுப்படி மெனுவோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு திரைகள் இன்னும் நீண்டுவிட்டன.

மவுஸ் காலத்தின் இன்னொரு எச்சம் ‘ஹோவர்’. சுட்டியை மேலே கொண்டு வைத்ததும் விரியும் மெனு, மினுக்கும் விளக்கக் குறிப்பு. விரலுக்கு ‘மேலே வைத்திருப்பது’ என்ற நிலையே கிடையாது, தொட்டால் தொட்டதுதான். ஒரு தகவல் ஹோவரில் மட்டுமே தெரியும் என்றால் போனில் பார்ப்பவருக்கு அது கிடையாது.

980 பொய்க்கு ஒரு பக்கவிளைவும் இருந்தது. இருமுறை தட்டினால் பெரிதாகும் என்று வைத்தார்கள் அல்லவா? அதனால் ஒருமுறை தட்டியதும் பிரவுசர் உடனே செயல்பட முடியவில்லை. இரண்டாவது தட்டு வருமோ என்று சுமார் 300 மில்லிவினாடி காத்திருந்தது. ஆப்களைவிட இணையதளங்கள் ஏனோ மந்தமாக இருக்கின்றன என்று பல ஆண்டுகள் மக்கள் உணர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2014-இல் ஆண்ட்ராய்டு குரோமும் 2016-இல் சஃபாரியும், உண்மை அகலத்தைக் கேட்கும் பக்கங்களுக்கு இந்தக் காத்திருப்பை நீக்கின. வியூபோர்ட் வரியை எழுதினால் எழுத்தும் தெளிகிறது, தட்டலும் விரைகிறது.

எடையும் தூரமும்

2024-இல் எச்டிடிபி ஆர்க்கைவ் திட்டம் அளந்த தளங்களில், இடைநிலை அளவுள்ள ஒரு மொபைல் பக்கத்தின் எடை 2 மெகாபைட்டைத் தாண்டியிருந்தது. அதில் பெரும்பங்கு படங்களும் ஜாவாஸ்கிரிப்டும்.

படத்தை எடுத்துக்கொள்வோம். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 4000×3000 அளவு. அதை அப்படியே தளத்தில் ஏற்றி, 360 அகலப் பெட்டிக்குள் காட்டுகிறார்கள். நல்ல போனில் அந்த 360 என்பது உண்மையில் 1,080 பிக்சல், ஆகவே 1080×810 படம் இருந்தாலே துல்லியமாகத் தெரியும். அனுப்பியதோ அதைப்போல் 13 மடங்குக்கும் மேல். தரவிறங்கியதோடும் முடிவதில்லை. ஜேபெக் என்பது சுருட்டி வைத்த கோப்பு. ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் முழுதாக விரித்தால் நினைவகத்தில் 48 மெகாபைட். இப்படிப் பத்துப் படங்கள் உள்ள பக்கத்தில் விலை குறைந்த போன் திணறாமல் என்ன செய்யும்? ஒரே படத்தைப் பல அளவுகளில் வைத்து, எது தேவையோ அதை பிரவுசரே தேர்ந்தெடுக்கும்படி எழுதும் வசதி 2014 முதலே பிரவுசர்களில் வரத் தொடங்கிவிட்டது. பயன்படுத்துவதில்தான் சோம்பல்.

ஜாவாஸ்கிரிப்டின் கணக்கு வேறு. 200 கிலோபைட் படமும் 200 கிலோபைட் நிரலும் டேட்டாவில் ஒன்று, உழைப்பில் ஒன்றல்ல. நிரலைப் படித்து, இயந்திர மொழிக்கு மாற்றி, இயக்க வேண்டும். இது நடக்கும் அதே தடத்தில்தான் விரல் தட்டலுக்குப் பதில் சொல்லும் வேலையும் நடக்கிறது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை பொத்தான் கண்ணுக்குத் தெரியும், தட்டினால் அசையாது. டெவலப்பரின் மடிக்கணினியில் இமைப்பதற்குள் முடியும் வேலை, விலை குறைந்த போனின் செயலியில் பல மடங்கு நேரம் எடுக்கும்.

மூன்றாவது செலவு தூரம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னையிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரை 13,000 கிலோமீட்டருக்கும் மேல். போய்வர, கேபிள் நேர்கோட்டில் கிடந்தால்கூட, 0.13 வினாடி. இயற்பியல் விதிக்கும் இந்த வரியை எந்த 5ஜி-யாலும் தள்ளுபடி செய்ய முடியாது. ஒரு புதிய சேவையகத்தோடு பேசத் தொடங்க, முகவரி கேட்பது, இணைப்பு ஏற்படுத்துவது, மறையாக்கத்துக்கு ஒப்புக்கொள்வது என்று வழக்கமாக மூன்று நடை ஆகும், பிறகுதான் முதல் கோரிக்கை. மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதிக் கொண்டுபோகாமல், உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்று அலைவது போன்றது பல தளங்களின் அமைப்பு. எழுத்துருவுக்கு ஓரிடம், விளம்பரத்துக்கு ஓரிடம், கண்காணிப்புக்கு இன்னும் நாலு இடம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அதே மூன்று நடை. இணைப்பு ஏற்பட்ட பிறகும் சேவையகம் எடுத்த எடுப்பில் வழக்கமாக 10 பொட்டலங்கள், அதாவது சுமார் 14 கிலோபைட் மட்டுமே அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். தலைப்பும் முதல் பத்தியும் அந்த 14 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டால் வாசகர் உடனே படிக்கத் தொடங்கலாம். தேவையான அனைத்தும் வந்தபின்தான் வரைவேன் என்று அடம்பிடிக்கும் பக்கம் வெள்ளைத் திரையைக் காட்டிக்கொண்டிருக்கும்.

தாமதமாக வந்து சேரும் படங்கள் இன்னொரு தொல்லையையும் தருகின்றன. படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரெனக் கீழே குதிக்கிறது. தட்டப்போன இடத்தில் விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. படத்தின் அகலம், உயரம் இரண்டையும் முன்கூட்டியே எழுதி வைத்தால் பிரவுசர் இடம் ஒதுக்கிவிடும். தொண்ணூறுகளில் எல்லோரும் எழுதியதுதான். ரெஸ்பான்சிவ் அலையில் தேவையில்லை என்று விட்டார்கள், இப்போது மீண்டும் எழுதச் சொல்கிறார்கள். 2020-இல் கூகுள் அறிவித்த அளவுகோல்களில் இந்தக் குதிப்புக்கும் மதிப்பெண் உண்டு: அது 0.1-க்குள் இருக்க வேண்டும், பக்கத்தின் பெரிய உறுப்பு 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். 2024 மார்ச் முதல், தட்டலுக்கான எதிர்வினை 200 மில்லிவினாடிக்குள் வர வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது.

படிவத்தில் சிக்கியவர்கள்

மேற்சொன்ன பிழைகள் எரிச்சலூட்டும். படிவத்தில் நடக்கும் பிழைகளோ வேலையையே கெடுக்கும். கட்டணம் கட்ட, விண்ணப்பிக்க, முன்பதிவு செய்ய வந்தவர் பாதியில் திரும்பிப் போவது இங்கேதான்.

பிறந்த தேதியைப் பார்ப்போம். பெட்டியைத் தொட்டதும் நடப்பு மாதத்தின் காலண்டர் அழகாக விரிகிறது. இடப்பக்க அம்புக்குறியைத் தட்டினால் ஒரு மாதம் பின்னே போகும். அறுபது வயதுக்காரர் தன் பிறந்த மாதத்துக்குப் போக 720 முறை தட்ட வேண்டும். ஆண்டின் மேல் தட்டினால் பட்டியல் வரும் என்பது வடிவமைத்தவருக்குத் தெரியும், நிரப்புகிறவருக்குத் தெரியாது. பயணத் தேதியைத் தேர்ந்தெடுக்க உருவான காலண்டரைப் பிறந்த தேதிக்கும் ஒட்டவைத்ததன் வினை. பிரிட்டன் அரசின் வடிவமைப்பு நெறி, நினைவிலிருக்கும் தேதிகளுக்கு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சாதாரணப் பெட்டிகளைப் பரிந்துரைக்கிறது. எண் விசைப்பலகையில் எட்டுத் தட்டு, முடிந்தது.

எண் விசைப்பலகை என்றதும் அடுத்த பிழை. கைபேசி எண் கேட்கும் பெட்டியைத் தொட்டால் எழுத்து விசைப்பலகை எழும்புகிறது. இது எண் என்று நிரலில் ஒரு சொல் சேர்க்காததுதான் குறை. மின்னஞ்சல் பெட்டியில் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்குவது, ஊர்ப்பெயரை ‘எழுத்துப்பிழை’ என்று திருத்துவது, வங்கிக் கணக்கு எண்ணை ஒட்டவிடாமல் தடுப்பது எல்லாம் இந்த வகை. பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் ஐபோன் தானாகவே அந்தப் பெட்டியை ஜூம் செய்யும், பக்கத்தின் வலப்பாதி திரைக்கு வெளியே போய்விடும். அதைத் தடுக்க ஜூமையே பூட்டுகிறவர்கள் உண்டு. எழுத்தை 16 ஆக்குவதுதான் மருந்து.

ஓடிபி இன்னொரு கண்டம். குறுஞ்செய்தியைப் பார்க்க வாசகர் வேறு ஆப்புக்குப் போகிறார். நினைவகம் குறைந்த போன், பின்னால் போன பிரவுசர் பக்கத்தைக் கைவிட்டுவிடுகிறது. திரும்பி வந்தால் பக்கம் புதிதாகத் திறக்கிறது, நிரப்பியதெல்லாம் போய்விட்டது. நிரப்பியவற்றை அவ்வப்போது சேமித்து வைக்காத படிவம், பெரிய நினைவகம் உள்ள போனில் மட்டும் சோதிக்கப்பட்ட படிவம்.

தமிழ் வந்தால் தெறிக்கும் பெட்டி

ஆங்கிலத்தில் வடிவமைத்துப் பிறகு தமிழை நிரப்பும் தளங்களுக்கென்றே சில பிழைகள் உண்டு. ஆங்கிலத்தில் ஆறே எழுத்துள்ள ‘சப்மிட்’டுக்கு அளவெடுத்துத் தைத்த பொத்தானுக்குள் ‘சமர்ப்பிக்கவும்’ நுழையாது. ஒன்று வெட்டுப்படும், அல்லது பொத்தானைத் தாண்டி வழியும். தமிழில் வேற்றுமையும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் நீண்ட சொற்கள் இயல்பு. நீளச் சொல்லை உடைக்க அனுமதி தராத அமைப்பில் ஒரே ஒரு சொல் பக்கம் முழுவதையும் பக்கவாட்டில் நகர வைத்துவிடும். அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் கட்டாமல் உள்ளே இருக்கும் எழுத்துக்கேற்ப பெட்டி விரியும்படி விட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

உயரத்திலும் இதே கதை. ‘கீ’, ‘மூ’ போன்றவற்றில் குறிகள் மேலும் கீழும் நீள்கின்றன. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் மேல்வரியின் உகரக் குறி கீழ்வரியின் இகரச் சுழியோடு மோதும். 12 பிக்சலில் ஆங்கிலம் சமாளித்துவிடும். தமிழில் அந்த அளவில் ரகரத்தையும் துணைக்காலையும், ண-வையும் ன-வையும் பிரித்தறிவது கண்ணுக்கு வேலை.

செய்தித் தலைப்பை இத்தனை எழுத்தோடு வெட்டு என்று நிரல் எழுதும்போதும் தமிழ் அடிபடும். யூனிகோடில் ‘கொ’ என்பது ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். இரண்டுக்கும் நடுவே கத்தி விழுந்தால் ‘கொ’ வெறும் ‘க’ ஆகிவிடும். பைட் கணக்கில் வெட்டினால் இன்னும் மோசம். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். மூன்றைத் துண்டாக்கினால் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் ஒன்று தோன்றும். தமிழ்ப் பெயரோடு ஒருமுறை சோதித்திருந்தால் இவை அத்தனையும் அன்றே தெரிந்திருக்கும்.

வெயிலும் வழிமறிப்பும்

வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து என்பது வடிவமைப்பாளர்களின் நெடுநாள் மோகம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்பது அணுகல் நெறி. அந்தச் சூத்திரத்தில் இரு பக்கமும் 0.05 கூட்டுவார்கள், திரையில் பட்டுத் திரும்பும் அறை வெளிச்சத்துக்கான கழிவு அது. நெறியைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஒரு சாம்பலை எடுத்துக்கொண்டு, வெயிலில் நிற்பதாக வைத்து, திரையின் வெண்மையில் பாதி அளவு ஒளி பட்டுத் திரும்புகிறது என்று கணக்கிட்டால் விகிதம் 2.2 ஆகிவிடுகிறது. சுத்தக் கறுப்பு எழுத்துகூட 21-லிருந்து 3-க்கு இறங்குகிறது. போன் வெளியில் பயன்படும் கருவி. குளிரூட்டிய அறையில் பார்த்துத் தேர்ந்த சாம்பல் பேருந்து நிறுத்தத்தில் மறைந்துபோகும்.

தெரியும் எழுத்தையும் மறைக்கச் சிலர் ஏற்பாடு செய்கிறார்கள். மேலே ஒட்டிய தலைப்பட்டை, கீழே குக்கீ அனுமதி, மூலையில் அரட்டைக் குமிழ், எல்லாவற்றுக்கும் மேலே ‘எங்கள் ஆப்பை நிறுவுங்கள்’. மீதியிருக்கும் சந்தில் கட்டுரை. இப்படி வழிமறிக்கும் பக்கங்களைத் தேடல் வரிசையில் கீழிறக்கும் நடவடிக்கையை 2017 ஜனவரியில் கூகுள் தொடங்கியது. ஆப்புக்கு விரட்டும் உத்தியை இந்தியாவில் உச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தவர்களும் உண்டு. 2015-இல் ஃப்ளிப்கார்ட் தன் மொபைல் தளத்தை மூடியது, மிந்த்ரா முழுக்கவே ஆப்புக்கு மாறியது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் ஃப்ளிப்கார்ட் லைட் என்ற பெயரில் ஃப்ளிப்கார்ட் மொபைல் இணையத்துக்குத் திரும்பியது. மிந்த்ராவும் 2016-இல் தளத்தைத் திறந்தது. நினைவகமும் டேட்டாவும் அளந்து செலவழிக்கும் ஊரில், ஒரு சட்டை வாங்க ஓர் ஆப் நிறுவச் சொன்னால் எல்லோரும் நிறுவிவிட மாட்டார்கள்.

ஒப்புதல் கொடுக்கும் மேசை

இத்தனை பிழைகளும் அறியாமையால் வருபவை அல்ல. வழிகாட்டிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, கருவிகள் பிரவுசருக்குள்ளேயே இருக்கின்றன. தளம் எங்கே வைத்துப் பார்க்கப்படுகிறது என்பதில்தான் கோளாறு. வடிவமைப்பாளர் 27 அங்குல மானிட்டரில் வரைகிறார். டெவலப்பர் மடிக்கணினியில், சாளரத்தைக் குறுக்கி ‘மொபைல் வியூ’ பார்க்கிறார். பணம் கொடுப்பவர் கூட்ட அறையில் புரொஜெக்டரில் பார்த்துத் தலையாட்டுகிறார். குறுக்கிய சாளரம் அகலத்தை மட்டுமே போலச் செய்கிறது. விரலின் பருமனும், செயலியின் மந்தமும், சிக்னலின் தள்ளாட்டமும், மேலெழும் விசைப்பலகையும் அதில் தெரியாது.

தளம் ஒன்று செய்யக் கொடுக்கும் கடைக்காரரோ, பள்ளியோ, சங்கமோ, அலுவலகமோ, நிரல் தெரியாமலேயே நான்கு சோதனைகள் செய்யலாம். பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு போனில், வைஃபையை அணைத்துவிட்டு, தளத்தைப் புதிதாகத் திறந்து, படிக்கத் தொடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பது முதல் சோதனை. ஒற்றைக் கையில் பிடித்துக் கட்டைவிரலால் மட்டும் ஒரு வேலையை, கட்டணம் கட்டுவதையோ தொடர்பு எண் கண்டுபிடிப்பதையோ, முடித்துப் பார்ப்பது இரண்டாவது. போன் அமைப்பில் எழுத்தளவைக் கூட்டி, வெயிலில் நின்று படிப்பது மூன்றாவது. நீளமான தமிழ்ப் பெயரும் முகவரியும் கொண்ட ஒருவராகப் படிவத்தை நிரப்பி, நடுவில் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பி வருவது நான்காவது.

தளம் முடிந்த பிறகு இவற்றைச் செய்து குறை சொன்னால் ‘அது அடுத்த கட்டத்தில்’ என்று பதில் வரும், கூடுதல் கட்டணமும் வரும். வேலை கொடுக்கும் ஒப்பந்தத்திலேயே இந்த நான்கையும் எழுதி, நான்கிலும் தேறிய பிறகே கடைசித் தவணை என்று சொல்லிவிடுவது நல்லது. திருத்தச் சொல்லும்போது புதிதாக எதையும் கேட்க வேண்டியிருக்காது. பூட்டை எடு, கட்டிய அகலத்தை எடு, வழிமறிப்பதை எடு, வேண்டாத நிரலை எடு என்று பட்டியலில் பாதி நீக்கச் சொல்வதாகவே இருக்கும்.